மனுகாவ் பள்ளிகளும் வளரிளம் பருவத்தினர் நலவாழ்வும்

நியூசிலாந்தில் 1999ஆம் ஆண்டு முரண்பட்ட இரு முடிவுகளைக் கண்டது. 'ஹவோரா' என்னும் மாவோரி நலவாழ்வுக் கோட்பாட்டைத் தழுவிய நலக்கல்விப் பாடத்திட்டம் வெளிவந்த அவ்வாண்டிலேயே, மது வாங்கும் வயது 20இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது.

அதற்கு முன்னரே, மனுகாவின் வறிய பகுதிப் பள்ளிகள் சில, 1990களின் நடுப்பகுதியில் எழுந்த 'எய்ம்ஹை' திட்டத்தில் இணைந்திருந்தன. தேர்ச்சியை உயர்த்தத் தொடங்கிய அத்திட்டம், பின்னர்ப் பள்ளிகளுக்குள்ளேயே செவிலியரையும் அமர்த்தியது. உடல்நலமும் மனநலமும் சீர்படாது கல்வி சிறவாது என்பதே அதன் அடிப்படை.

2001, 2007, 2012 ஆகிய ஆண்டுகளின் 'யூத் 2000' தேசிய ஆய்வுகள், மாணவரிடையே புகையும் மதுவும் கஞ்சாவும் குறைந்தமையைக் காட்டின. ஆயினும், 14, 15 வயது மாணவருள் நாள்தோறும் மின்சிகரெட் புகைப்போர் நாடளவில் 2019இல் 3.1 விழுக்காட்டினர், 2021இல் 9.6 விழுக்காட்டினர். இடையே 2020இல் 18 வயதுக்குட்பட்டோர்க்கு அதன் விற்பனை தடைசெய்யப்பட்டும் இந்நிலையே நேர்ந்தது. சட்டம் மட்டும் போதாது என்பதை, மனுகாவ் பள்ளிகள் செவிலியரை நாடியபோதே உணர்ந்திருந்தன எனலாம்.