பார்வைத் திருத்த அறுவைச் சிகிச்சை: சென்னையும் மேற்குப் புறநகரும்

கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிதறல் பார்வை, கண்புரை ஆகியவற்றால் மங்கும் பார்வையை, கருவிழியின் வளைவை மாற்றியோ கண்ணுக்குள் லென்ஸ் வைத்தோ சீராக்கும் முறைகள் இப்பெயரால் வழங்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் இம்முறைகளில் எதற்கும் பிறப்பிடம் அன்று. தஞ்சாவூர், எழும்பூர், மதுரை, கடல்கடந்த ஆய்வகங்கள் என்று வெவ்வேறு இடங்களில் வளர்ந்தவை இங்கு வந்து சேர்ந்தன.

பக்தி மரபில் இவ்வட்டாரத்துக்குக் கண்ணோடு பழைய தொடர்பு உண்டு. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை நீங்கிய சுந்தரர் இரு கண்ணும் ஒளி இழந்தார் என்றும், அந்த நிலையிலேயே அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவிலுள்ள வடதிருமுல்லைவாயிலில் பாடினார் என்றும், அடுத்துத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார் என்றும் சொல்வர். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் திரும்பக் கிடைத்தன என்பது பெரியபுராணக் கதை. இதை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் பார்வையைத் தேடி ஒருவர் இந்த வழியே நடந்தார் என்னும் நினைவு திருமுல்லைவாயிலில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

சுஸ்ருதர் பெயரால் வழங்கும் நூலில் கண்புரைச் சிகிச்சை விவரிக்கப்படுகிறது. கூரிய கருவியால் புரையை விழிக்குள்ளேயே பின்னுக்குத் தள்ளிவிடும் முறை அது. அதன்பின் பல நூற்றாண்டுகளுக்குத் தமிழகத்தில் கிடைக்கும் செய்தி மிகக் குறைவு.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில் ஆவணங்கள் கிடைக்கின்றன. தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தில் கண் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயுற்ற கண்களை ஓவியர்கள் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். நிழற்படம் வருவதற்கு முந்திய காலத்தில், ஒவ்வொரு நோயாளியின் கண்ணையும் தனித்தனியே வரைந்து வைக்கவேண்டும் என்று தோன்றிய மனம் வியப்புக்குரியது. மன்னரே கத்தி பிடித்து அறுவை செய்தார் என்று சிலர் எழுதுகின்றனர். அவர் மேற்பார்வையில் மருத்துவர்கள் செய்தனர் என்பார் வேறு சிலர். குறிப்புகளை வைத்து இரண்டில் ஒன்றை அறுதியிடுவது கடினம்.

சென்னையில் 1819-இல் ராயப்பேட்டையில் தொடங்கிய கண் மருத்துவமனை 1884-இல் எழும்பூருக்கு வந்தது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் இரண்டாவது பழைய கண் மருத்துவமனை என்ற பெருமை இதற்குச் சொல்லப்படுகிறது. எதைத் தொடக்கமாகக் கொள்வது என்பதைப் பொறுத்து இவ்வரிசை மாறும். இதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் கண் நீர் அழுத்தத்துக்குச் செய்த துளையிடும் அறுவை உலகம் முழுவதும் பரவியது. ஊர் ஊராகச் சென்று புரை தள்ளியவர்களிடம் கண்ணை ஒப்படைத்துப் பார்வை இழந்தவர்கள் எழும்பூருக்கு வந்துகொண்டே இருந்தனர். அவர்களை ஆராய்ந்து, அந்தப் பழைய முறையின் கேடுகளை எலியட் தனி நூலாகவே எழுதினார். 1945-இல் இந்தியாவின் முதல் கண் வங்கி டாக்டர் முத்தையாவின் முயற்சியால் இங்கேதான் உருவானது.

புரையை எடுத்தால் மட்டும் போதாது. லென்ஸ் இல்லாத கண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி வேண்டியிருந்தது. 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். ஆயினும் வெளிநாட்டு லென்ஸ் இங்குள்ள ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி முடக்குவாதத்தால் விரல்கள் கோணியவர். அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பயின்றவர். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையின் வழியில் 1992-இல் ஆரோலேப் வந்தது. லென்ஸ் உள்ளூரிலேயே தயாராகி விலை பல மடங்கு இறங்கியது. சோடாபுட்டி மெல்ல மறைந்தது.

கண்ணாடியை விலக்கும் ஆபரேஷனின் கதை வேறு. ஜப்பானில் சாட்டோவும், 1970-களில் ரஷ்யாவில் ஃபியோதோரோவும் கருவிழியில் ஆரம் ஆரமாகக் கீறி அதன் வளைவைத் தட்டையாக்கினர். கொலம்பியாவில் ஹோசே பாரகேர் கருவிழியில் ஒரு சீவலை எடுத்து, செதுக்கித் திரும்ப வைத்தார். கையையும் கத்தியையும் நம்பிய முறைகள் இவை. ஒரே அளவு கீறலுக்கு இருவர் கண்கள் ஒரேபோல் பலன் தரவில்லை.

மாற்றம் வந்தது ஒரு வேதியியல் ஆய்வகத்திலிருந்து. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-இல் இளநிலையும் 1950-இல் முதுநிலையும் முடித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன் அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். புற ஊதா ஒளி பிளாஸ்டிக்கை என்ன செய்கிறது என்பது அவர் ஆய்வு. 1981 நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றி நவிலல் பண்டிகைக்கு மறுநாள், விருந்தில் மீந்த வான்கோழி இறைச்சியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து எக்ஸைமர் லேசரின் அடியில் வைத்தார். 193 நானோமீட்டர் ஒளி சுத்தமாக வெட்டியது. ஒப்பிட்டுப் பார்த்த பச்சை லேசர் விளிம்பைக் கருக்கியது. சுற்றியுள்ள திசுவுக்கு வெப்பம் பரவுவதற்குள் அந்த ஒளி மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து அவற்றை ஆவியாக்கிவிடுகிறது. உடன் உழைத்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளம். ஒரு தலைமயிரின் குறுக்கே ஓரம் கருகாமல் பள்ளம் பள்ளமாகச் செதுக்கிய அவர்களது படம் உலகெங்கும் அச்சாயிற்று. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத படம் அது.

1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து மாட்டுக் கண்களில் இதைச் சோதித்தார். கண் சிகிச்சைக்கு இதை முதலில் எண்ணியவர் யார் என்பதில் பின்னாளில் காப்புரிமை வழக்குகளே நடந்தன. பெருமையை ஒருவருக்கே கொடுப்பது நேர்மையாகாது. 1988-இல் மார்கரெட் மெக்டொனால்ட் இம்முறையைப் பார்வையுள்ள கண்ணில் செய்தார். கருவிழியில் மெல்லிய மடலைத் திறந்து அடியில் லேசர் பாய்ச்சி மூடும் லேசிக் முறைக்கு கிரேக்க மருத்துவர் பல்லிகாரிஸ் பெயர் பெற்றார். ஸ்ரீனிவாசனுக்கும் தோழர்களுக்கும் 2013-இல் அமெரிக்க அதிபர் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார். அவர் படித்த சென்னையில் லேசிக் செய்துகொண்டவர்களில் அவர் பெயரை அறிந்தவர் சிலரே.

லேசர் செதுக்கலின் கணக்கு எளிது. கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம். ஒரு துடிப்பில் லேசர் சுமார் கால் மைக்ரான் எடுக்கும். ஒரு பவர் குறைய ஏறக்குறைய 14 மைக்ரான் போகும். பவர் அதிகமுள்ளவரிடம் மிஞ்சும் கனம் போதாது என்றால் லேசர் கூடாது. இயற்கை லென்ஸை விட்டுவைத்து அதன் முன் மெல்லிய லென்ஸ் பொருத்துவார்கள். மடல் இல்லாமல் சிறு துளைவழியே உள்ளிருந்து ஒரு வில்லையை உருவியெடுக்கும் ஸ்மைல் முறை பின்னர் வந்தது.

1990-களில் லேசிக் சென்னைக்கு வந்தது. 1957-இல் தொடங்கிய அகர்வால் மருத்துவமனை, 1978-இல் எஸ். எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயா போன்றவை நகருக்குள் இருந்ததால் புறநகர்க்காரர்கள் ரயிலேறியே சிகிச்சைக்குப் போயினர்.

புறநகரின் கண் குறைகள் அதன் தொழிலிலிருந்தும் வந்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் 1960-களில் வளர்ந்தவை. கிரைண்டிங் கல்லிலிருந்து தெறிக்கும் இரும்புத் தூசி கருவிழியில் பதியும். எடுத்தபின் தழும்பு நடுவில் நின்றால் கண்ணாடியோ லேசிக்கோ முழுப் பயன் தராது, தானக் கருவிழிதான் வழி. எழும்பூர்க் கண் வங்கியின் அருமை பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி நெடுங்காலமாக இயங்குகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் 2017-இல் அரவிந்த் மருத்துவமனை திறந்தபின் புறநகர்க்காரர்களின் அலைச்சல் குறைந்தது.

இன்றைய நிலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இயலும். முறைகளும் விலைகளும் ஆண்டுதோறும் மாறுகின்றன. 18 வயது நிறைந்து, பவர் ஓராண்டாவது ஏறாமல் நின்றபிறகே லேசர் செய்வது வழக்கம். கருவிழி கூம்பாகும் நோய் உள்ளவர்களுக்குச் செய்யலாகாது. ஆகவே கருவிழி வரைபடம் எடுக்காமல் தேதி குறிக்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். லேசருக்குப் பின் சில மாதம் கண் உலர்ந்து உறுத்துவது உண்டு. நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்தை லேசிக் தடுக்காது. சீருடைப் பணிக்கு விண்ணப்பிப்போர் அந்தப் படையின் விதியை முதலில் கேட்டறிய வேண்டும். லேசர் செய்துகொண்டவர்கள் பழைய பவர் சீட்டையும் கருவிழி அளவுகளையும் தூக்கிப் போடக் கூடாது. பிற்காலத்தில் புரை வந்து உள்ளே லென்ஸ் வைக்கும்போது, அதன் பவரைத் துல்லியமாகக் கணக்கிட அந்தச் சீட்டு உதவும்.