பருவ வயதுப் பிள்ளைகளுடன் கப்பல் பயணம்: எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது?

கம்மாபுரத்துக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் கடலூர் வரை போக வேண்டும். ஆனாலும் கப்பல் நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன முன்னோர்கள் நமக்கு உண்டு. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை 'ரஜூலா' அவர்களைச் சுமந்தது. பிறகு வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தத் தடம் முடிந்தது. மும்பையிலிருந்து சென்ற ஹஜ் கப்பல்களும் 1995-உடன் நின்றன.

அன்று பிழைப்புக்காகவும் கடமைக்காகவும் ஏறிய கப்பலில் இன்று விடுமுறைக்காக ஏறுகிறோம். பிளஸ் டூ முடித்த மகனோ, கல்லூரியில் படிக்கும் மகளோ போனில் கப்பல் விளம்பரத்தைக் காட்டி, "அத்தா, இந்த லீவுக்கு இதில் போவோமா?" என்று கேட்கிறார்கள். நாம் விலையைப் பார்க்கிறோம், நீச்சல் குளத்தின் படத்தைப் பார்க்கிறோம், ஏஜெண்டிடம் பணம் கட்டிவிடுகிறோம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, கப்பல் ஏறும் நாளில் நம் பிள்ளைகளின் வயது. 17 வயதுப் பிள்ளைக்கு மூடியிருக்கும் கதவுகள் 18 வயதுப் பிள்ளைக்குத் திறந்துவிடும். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கப்பலைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

12 முதல் 17 வயது வரை

பெரிய பயணக் கப்பல்களில் இந்த வயதினருக்குத் தனி மன்றம் உண்டு. 'டீன் கிளப்' என்பார்கள். எம்.எஸ்.சி., கார்னிவல் போன்ற நிறுவனங்கள் 12 முதல் 14 வரை ஒரு பிரிவு, 15 முதல் 17 வரை ஒரு பிரிவு என்று இரண்டாகப் பிரித்து நடத்துகின்றன. விளையாட்டுப் போட்டி, வீடியோ கேம், திரைப்படம், நடனம் எல்லாம் அங்கே நடக்கும். பெரும்பாலும் இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இதில் பெற்றோர் அறிய வேண்டியவை மூன்று. ஒன்று, அங்கே ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கலந்தே இருப்பார்கள். இரண்டு, சிறு குழந்தைகள் பிரிவைப் போலப் பெற்றோர் கையெழுத்திட்டு அழைத்துச் செல்லும் முறை பதின்ம வயதினருக்குப் பெரும்பாலும் இல்லை. அவர்களே வரலாம், போகலாம். மூன்று, நிகழ்ச்சிகள் நள்ளிரவைத் தாண்டியும் நீளும்.

மன்றமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பகல் நேரத்துப் போட்டிகளில் பிள்ளைகள் நல்ல நண்பர்களைப் பெறலாம். மன்றத்துக்குப் போகலாம், ஆனால் இரவு உணவுக்குக் குடும்பத்தோடு உட்கார வேண்டும், இத்தனை மணிக்குக் கேபினில் இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். கப்பல் ஏறிய பிறகு போடும் கட்டுப்பாடு சண்டையில்தான் முடியும்.

18-ஐத் தாண்டியவர்கள்

உண்மையில் கவலைப்பட வேண்டிய வயது இது. டீன் கிளப்பில் இவர்களுக்கு இடமில்லை. பெரியவர்களுக்கான இடங்களோ திறந்திருக்கும். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். சிங்கப்பூரில் 18 போதும். அங்கிருந்து கிளம்பும் கப்பல்களிலும் 18 வயதுக்காரருக்கு மது கிடைக்கும். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கப்பல்களில் பொதுவாக 21. சூதாட்ட அறைக்கான வயது 18 அல்லது 21 என்று கப்பலுக்குக் கப்பல் மாறும்.

கப்பலில் கையில் காசு புழங்காது என்பதையும் கவனிக்க வேண்டும். கேபினைத் திறக்கும் அட்டையே பணப்பையும் ஆகும். எதை வாங்கினாலும் அட்டையை நீட்டினால் போதும். கடைசி நாளில் மொத்தமாகப் பில் வரும். கேபின் கணக்கு அத்தாவின் கிரெடிட் கார்டோடு இணைந்திருந்தால் பிள்ளைகள் செய்யும் செலவும் அதில்தான் ஏறும். ஏறிய முதல் நாளே வரவேற்பு மேசைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் இவ்வளவுக்கு மேல் செலவு செய்ய முடியாதபடி வரம்பு வைக்கச் சொல்லலாம்.

வரம்பு பணத்தைத்தான் தடுக்கும். மற்றதைப் பிள்ளைகளின் மனதில்தான் விதைக்க வேண்டும். இருபது வயது மகனைக் கப்பல் முழுக்கப் பின்தொடர்ந்து போக முடியாது, போகவும் கூடாது. "இந்தக் கப்பலில் பார் இருக்கிறது, கேசினோ இருக்கிறது. அங்கே போகமாட்டாய் என்று நம்பித்தான் கூட்டிப்போகிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்வது பிள்ளைகளை மதிப்பதாகும். அந்த நம்பிக்கை நமக்கே இல்லையென்றால் அந்தக் கப்பல் நமக்கு வேண்டாம்.

நமக்கு எட்டும் கப்பல்கள்

சென்னை: 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் சேவையை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்கும் போனது. விருத்தாசலம் சந்திப்பிலிருந்து ரயில் ஏறினால் சென்னை. விமானச் செலவு இல்லை. ஆனால் இது 1990-இல் கட்டப்பட்ட, சுமார் 48,500 டன் அளவுள்ள கப்பல். இன்றைய பெரிய கப்பல்களில் மூன்றில் ஒரு பங்குதான். சிறிய கப்பலில் இளைஞர்களுக்கான விளையாட்டு வசதிகளும் குறைவு. செய்வதற்கு ஒன்றும் இல்லாத மாலை நேரத்தில் பிள்ளைகள் பாட்டுக் கச்சேரிப் பக்கமும் பார் பக்கமும்தான் ஒதுங்குவார்கள். கப்பலில் கேசினோவும் உண்டு. 2022-இல் புதுச்சேரியில் இந்தக் கப்பலுக்கு எதிர்ப்பு எழுந்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

சிங்கப்பூர்: ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிறுவனத்தின் பெயரில் 'ஜென்டிங் ட்ரீம்' 2022 ஜூனில் இங்கிருந்து பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் ஆகிய இடங்களுக்குப் போய்வரத் தொடங்கியது. சுமார் 1,50,000 டன். நீர்ச்சறுக்கு, கயிற்றுப் பாலங்கள், பாறை ஏறும் சுவர் என்று இளைஞர்களுக்கு ஏற்றவை நிறைய. ஹலால் சான்று பெற்ற சமையலும் உண்டு. ஆனால் கேசினோவும் மதுவும் உண்டு. ஹலால் சான்று என்பது சாப்பாட்டுக்குத்தான், கப்பல் முழுவதற்கும் அல்ல. ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம், ஸ்பெக்ட்ரம், ஆந்தம் கப்பல்களும் வெவ்வேறு ஆண்டுகளில் இங்கிருந்து சென்றுள்ளன. காற்றில் மிதக்கும் விளையாட்டு, அலைச்சறுக்கு எல்லாம் அவற்றில் இருப்பதால் பிள்ளைகள் இவற்றைத்தான் அதிகம் கேட்பார்கள்.

ஜித்தா: சவூதி நிறுவனத்தின் 'அரோயா' 2024 டிசம்பரில் செங்கடலில் பயணத்தைத் தொடங்கியது. ஜென்டிங் ட்ரீமின் உடன்பிறந்த கப்பல்தான் இது. முன்பு 'வேர்ல்டு ட்ரீம்' என்ற பெயரில் ஓடியது. அதே அளவு, அதே வகை வசதிகள். ஆனால் மது இல்லை, கேசினோ இல்லை, உணவு ஹலால், தொழுவதற்கு இடமும் உண்டு. 18-ஐத் தாண்டிய பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட நிம்மதியான பெரிய கப்பல் இப்போதைக்குத் தெரியவில்லை. வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்கள் குடும்பத்தை வரவழைத்துப் போவதற்கும் வசதி. பருவத்துக்கேற்ப இதன் துறைமுகம் மாறுகிறது. 2025 கோடையில் இஸ்தான்புல்லிலிருந்து சென்றது. ஆகவே கிளம்பும் இடத்தை உறுதி செய்துகொண்டு விமான டிக்கெட் எடுக்க வேண்டும்.

கொச்சி – லட்சத்தீவு: லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு நடத்தும் 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் பயணம் பலருக்குத் தெரியாது. 'எம்.வி. கவரத்தி' கப்பலில் கொச்சியிலிருந்து ஏறினால், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறக்கிக் காட்டுவார்கள். இரவில் கப்பலிலேயே தங்கல். நீர்ச்சறுக்கும் நாடகமும் எதிர்பார்க்கக் கூடாது. பவளத் திட்டும், தெளிந்த காயலும், மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் உண்டு. மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால் எந்தத் தீவில் இறங்கினாலும் பள்ளிவாசலும் ஹலால் உணவும் கிடைக்கும். நுழைவு அனுமதிச் சீட்டு கட்டாயம். எல்லா மாதமும் பயணம் இருக்காது; தேதியை முன்பே விசாரிக்க வேண்டும்.

முதல் முறையாகக் கடலில் போகும் குடும்பம், பிள்ளைகளுக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க நாகப்பட்டினம் – காங்கேசன்துறை படகில் போய்வரலாம். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய சேவை இது. அரை நாளுக்குள் யாழ்ப்பாணத்துக் கரையில் இறங்கிவிடலாம்.

கேபின் எடுக்கும்போது

நான்கு பேர் ஒரே கேபினில் படுத்தால் செலவு குறையும். ஆனால் வளர்ந்த அண்ணனும் தங்கையும் உள்ள வீட்டுக்கு அது சரிவராது. உள்ளே கதவால் இணைந்த இரண்டு கேபின்கள் கிடைக்கும்; அத்தாவும் மகனும் ஒன்றில், அம்மாவும் மகளும் ஒன்றில் இருக்கலாம். இவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் தூரத்தில் ஒரு கேபின் எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. குமட்டல் வருபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

உணவும் தொழுகையும்

ஹலால் சான்று இல்லாத கப்பலென்றால், ஹலால் உணவு வேண்டும் என்று பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். "சைவம் சாப்பிட்டுக்கொள்கிறோம்" என்பவர்களும் இனிப்பு வகைகளில் கவனமாக இருக்க வேண்டும். கேக்கில் மதுவும், ஜெல்லியில் விலங்கு ஜெலட்டினும் இருக்கலாம்.

கிப்லாவைப் பார்க்க போனில் உள்ள திசைகாட்டியைக் கேபினுக்குள் நம்ப வேண்டாம். சுற்றிலும் இரும்பு இருப்பதால் அது பிழை காட்டும். கப்பலும் திரும்பிக்கொண்டே இருக்கும். மேல்தளத்தில் சூரியனை வைத்தோ, கேபின் தொலைக்காட்சியில் ஓடும் வரைபடத்தை வைத்தோ திசையைப் பார்த்துக்கொள்ளலாம். பயணியின் தொழுகையில் கஸ்ரு எல்லா மத்ஹபிலும் உண்டு. ஜம்உ செய்வதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு இருப்பதால், கிளம்பும் முன் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பருவம், பாஸ்போர்ட், பாதுகாப்பு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. சென்னைக் கப்பல் சேவை ஜூனில் தொடங்கியது; நம் பள்ளிகள் திறக்கும் மாதமும் அதுதான். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்கள் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்த் திரும்பும் கப்பலென்றால், சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறோம். விசா பல முறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்க வேண்டும்.

2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி தர வேண்டும் என்பது 2015 முதல் சர்வதேச விதியானது. வாலிபர்கள் இதைக் கேலியாக எடுத்துக்கொண்டு நழுவுவார்கள். தங்கள் கூடுமிடம் எது, லைஃப் ஜாக்கெட் எங்கே என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2021 அக்டோபரில் மும்பையிலிருந்து கோவாவுக்குக் கிளம்பவிருந்த ஒரு சொகுசுக் கப்பலில் போதைப்பொருள் சோதனை நடந்து, இளைஞர்கள் பலர் கைதானார்கள். அவர்களில் சிலர் மீது ஆதாரம் இல்லை என்று பிறகு விடுவிக்கப்பட்டார்கள். அதற்குள் சிறை, செய்தி, அவமானம் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நம் பிள்ளை தவறு செய்யாவிட்டாலும், தவறான கூட்டம் ஏறும் பயணத்தில் இருப்பதே ஆபத்து. இசை விழா, இரவு விருந்து என்று விளம்பரம் செய்யப்படும் தேதிகளை ஒதுக்கிவிடுங்கள். எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் கடலிலேயே சுற்றித் திரும்பும் பயணங்களையும் தவிர்க்கலாம். பார்க்க ஊர் இருந்தால் பிள்ளைகளின் கவனம் அங்கே போகும்.

பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை

1. இந்தப் பயணத்தில் மதுவுக்கும் கேசினோவுக்கும் வயது வரம்பு என்ன?
2. பதின்ம வயதினர் மன்றம் உண்டா? எத்தனை மணி வரை? இரவில் சிறுவர்கள் தனியாக நடமாடத் தடை உண்டா?
3. ஹலால் உணவுக்குச் சான்று உண்டா, அல்லது கேட்டால் மட்டும் தருவார்களா?
4. இணைந்த கேபின் கிடைக்குமா?
5. அந்தத் தேதியில் இசை விழாவோ தனியார் விருந்தோ இருக்கிறதா?
6. நீச்சல் குளத்தில் முழு உடல் மறைக்கும் நீச்சலுடைக்கு அனுமதி உண்டா?
7. சொன்ன விலைக்கு மேல் சேவைக் கட்டணம், துறைமுக வரி, இணையக் கட்டணம் எவ்வளவு? மருத்துவக் காப்பீடு சேர்ந்ததா?

இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாத ஏஜெண்டிடம் பணம் கட்ட வேண்டாம்.

கப்பலைப் பொழுதுபோக்காக மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். அதை ஓட்டுபவர்கள், இயந்திர அறையில் வேலை செய்பவர்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைப்பவர்கள் எல்லாம் படித்துப் பயிற்சி பெற்று வந்தவர்கள். பல கப்பல்களில் சமையற்கூடத்தையும் கட்டுப்பாட்டு அறையையும் சுற்றிக்காட்டும் ஏற்பாடு உண்டு. கடல்சார் படிப்புக்குச் சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008 முதல் இயங்குகிறது. நம் முன்னோர்கள் கூலிக்குப் போன கடலில் நம் பிள்ளைகள் அதிகாரிகளாகப் போகலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் இதையும் பேசுங்கள்.