கிணத்தைக் காணோமுங்க!

போன வாரம் தக்காளிக்குத் தண்ணி கட்டப் போனேன். மோட்டார் ஓடுது, குழாயில தண்ணி வரலை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வரப்புல நின்னு பார்த்துட்டு, "என்ன கைப்புள்ள, இன்னிக்கும் அடிதானா?"ன்னு கேட்டார். அவருக்கு வயசு எழுபதைத் தாண்டிருச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். இந்த சினிமாப் பேச்செல்லாம் நம்ம ஊருக்குள்ள எப்படி வந்துச்சுன்னு அப்புறம் உக்காந்து யோசிச்சேன்.

எங்க அப்பாரு காலத்துல ஆரம்பிச்சது இது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்துச்சு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம். அந்தக் கோர்ட்டு வசனத்தை மனப்பாடம் பண்ணாத இளவட்டமே இல்லைம்பார் அப்பாரு. கதை வசனம் சின்னப் புத்தகமா விக்கும். எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச ஒருத்தர் படிக்க, மத்தவங்க கேட்டே மனசுல ஏத்திக்குவாங்க. 1959ல 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1965ல 'திருவிளையாடல்'. நோம்பி, காதுகுத்து எதுவானாலும் புளிய மரத்துல குழாய் ஸ்பீக்கரைக் கட்டி வசனத் தட்டைப் போட்டுருவாங்க. சிவனும் தருமியும் பேசுறதைக் கேட்டுக்கிட்டே களை எடுத்தவங்க உண்டு. காசுக்குப் பறக்கிற ஆளுக்குத் 'தருமி'ன்னு பேரும் விழுந்துச்சு.

ஆனா அது மேடைத் தமிழ். நாம பேசுற பேச்சில்லை. அப்பாரு கட்டபொம்மன் மாதிரி முழங்கினதெல்லாம் களத்து மேட்டுல, கூட்டாளிங்க முன்னாடி மட்டும்தான். வரி வசூலுக்கு அதிகாரி வந்தா தோள் துண்டு கக்கத்துக்குப் போயிரும்.

1977ல வந்த பாரதிராஜாவோட '16 வயதினிலே' இதைத் திருப்பிப் போட்டுச்சு. திரையில நம்ம பேச்சே கேட்டுது. ரஜினி பரட்டையா வந்து "இது எப்படி இருக்கு"ன்னார். ஊரே அதைப் புடிச்சுக்கிச்சு. அதுல கவுண்டமணி சொன்ன "பத்த வச்சிட்டியே பரட்டை", கோள் மூட்டி விடுறவங்களுக்குன்னே இன்னிக்கும் ஓடுது. அவரு நம்ம உடுமலைப் பக்கத்துக்காரர். 1989ல 'கரகாட்டக்காரன்' வந்ததுக்கு அப்புறம், கணக்குக் கேட்டா மழுப்புறவன்கிட்ட "அந்த இன்னொரு பழம் எங்கடா?"ன்னு கேட்டாலே போதும், விஷயம் புரிஞ்சுரும்.

1993ல சன் டிவி வந்துச்சு. கொட்டகைக்குப் போகாத அம்மாயிக்கும் நகைச்சுவைக் காட்சியெல்லாம் பாடமாச்சு. 2003ல 'வின்னர்' வந்தப்புறம், மதுரைக்காரர் வடிவேலு பேச்சு கொங்கு நாட்டு வாயிலயும் ஏறிருச்சு. அடி வாங்கியும் வீறாப்பு குறையாதவன் கைப்புள்ள. அதுல வந்த 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' நோம்பி ஃபிளெக்ஸ்ல பசங்க பேரா மாறி, 2013ல ஒரு படத்துக்கே தலைப்பாச்சு.

ஆக, முதல்ல அவங்க பேச்சை நாம மனப்பாடம் பண்ணினோம். அப்புறம் நம்ம பேச்சை அவங்க எடுத்துக்கிட்டாங்க. அதை நாம மறுபடி வாங்கிப் பொழங்குறோம். பண்ணையக்காரரும் கூலிக்கு வர்றவரும் ஒரே வார்த்தைக்குச் சேர்ந்து சிரிக்கிறது அப்பாரு காலத்துல லேசுல நடக்காது.

இதுல என் சொந்தக் கதையும் ஒண்ணு இருக்கு. கொஞ்ச வருசம் முன்னாடி கரண்டு இணைப்பு விசயமா ஒரு ஆபீசுக்கு அலைஞ்சேன். எங்க சர்வே நம்பர்ல கிணறே இல்லைன்னு காகிதம் சொல்லுது. அப்பாரு கடப்பாரை புடிச்சு வெட்டின கிணறுங்க அது! மூணு தடவை கும்பிட்டுக் கேட்டேன், ஒருத்தரும் நிமிந்து பார்க்கலை. நாலாம் தடவை, 2008ல வந்த 'கண்ணும் கண்ணும்' படத்து வடிவேலு கணக்கா, "சார், என் கிணத்தைக் காணோமுங்க!"ன்னேன். ஆபீசே சிரிச்சுருச்சு. பெரியவரு ஃபைலை எடுக்கச் சொன்னாரு. அடுத்த வாரமே வந்து கிணத்தைப் பார்த்துட்டுப் போனாங்க.

கட்டபொம்மன் வசனத்தை அப்பாரு ஒரு நாளும் ஆபீசுல பேசினதில்லை. வடிவேலு வசனத்தை நான் பேசினேன், வேலையும் நடந்துச்சு. சந்தோசம்தான். ஆனா உள்ளதைச் சொன்னப்ப நிமிராத தலை, கோமாளி வேசம் போட்டதும் நிமிந்துச்சுங்கிறது இன்னும் உறுத்துது.

இப்போ காகிதத்துல கிணறு பத்திரமா இருக்கு. தண்ணியைத்தான் காணோம்.

உங்க ஊர்ல என்ன வசனம் ஓடுதுன்னு சொல்லுங்க.