இருட்டே முகமான கதை

சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்துக்கு ஒரு முகம் இருந்தது. ஆ மெங் என்ற சுமத்ரா ஒராங் ஊத்தான். யாரோ ஒருவர் வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு, 1971இல் மீட்கப்பட்டவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிட வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1992இல் நாட்டின் சுற்றுலா வாரியம் அவளைச் சுற்றுலாத் தூதராகவே கௌரவித்தது. ஒரு பூங்காவுக்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தை எந்த ஓவியரும் வரைந்து தந்துவிட முடியாது.

அந்தத் தோட்டத்துக்கு அடுத்தாற்போல், மண்டாய் காட்டில், இரண்டாவதாக ஒரு பூங்காவைத் திட்டமிட்டபோது அப்படியொரு முகத்துக்கு வழியே இல்லை. அது திறந்திருக்கப்போவது இரவில். வருகிறவர் கண்ணில் படப்போவது ஒரு முதுகு, ஒரு வால், புதருக்குள் நுழைந்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்று. கை குலுக்க வரும் குரங்கு அங்கே இல்லை. நைட் சஃபாரி என்ற அந்தப் பூங்காவின் அடையாளம் உருவான விதம் எனக்குப் பிடித்துப்போனதற்கு இந்த இக்கட்டுதான் காரணம்.

கதை ஓங் சுவீ லாவிடமிருந்து தொடங்குகிறது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்தவர். நீர்த்தேக்கங்களைச் சுற்றிய காட்டு நிலம் அவருடைய பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு பகுதியில் 1973இல் விலங்கியல் தோட்டத்தைக் கொண்டுவந்தார். வடிவமைக்கும் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் இலங்கைக்காரரான லின் டி அல்விஸ், கொழும்பு தெஹிவளை மிருகக்காட்சிசாலையை நடத்தியவர். கம்பிக் கூண்டுகளுக்குப் பதில் அகழியும் செடிகொடிகளும் தடையாக நிற்கும் திறந்த அமைப்பு அங்கே வந்தது அப்போதுதான். 1980களில் ஓங் இரவுப் பூங்கா யோசனையைக் கிளப்பியபோதும் டி அல்விஸ் கூடவே இருந்தார். தோட்டத்தை நிர்வகித்த பெர்னார்ட் ஹாரிசனும் சேர்ந்துகொண்டார்.

வெப்பமண்டலப் பாலூட்டிகளில் பெரும்பாலானவை இரவாடிகள். பகலில் பூங்காவுக்குப் போனால் அவை தூங்குவதைத்தான் பார்க்க முடியும். இதற்கு உலகப் பூங்காக்கள் ஏற்கெனவே ஒரு தீர்வு வைத்திருந்தன. மூடிய கட்டடத்தில் இரவு முழுக்க விளக்கைப் போட்டு, பகலில் மங்கலான வெளிச்சம் வைத்து, விலங்கின் பொழுதையே தலைகீழாக்கிவிடுவது. தேவாங்குக்கும் வௌவாலுக்கும் அது போதும். காண்டாமிருகத்தையும் யானையையும் கட்டடத்துக்குள் அடைத்து அப்படி ஏமாற்ற முடியாது. சிங்கப்பூர்க் குழு எதிர்ப்பக்கமாகப் போனது. விலங்கு தன் பொழுதில் இருக்கட்டும், பார்க்க வருகிற மனிதர் இரவில் வரட்டும். நைட் சஃபாரி என்ற பிராண்ட் பிறந்தது இந்த முடிவில்தான் என்பது என் எண்ணம். பெயர், திறக்கும் நேரம், வண்டி, விளக்கு எல்லாம் இதிலிருந்தே கிளைத்தன.

ஊரின் இருப்பிடமும் கைகொடுத்தது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடு என்பதால் ஆண்டு முழுக்க அங்கே சூரியன் மறைவது மாலை 6.50க்கும் 7.20க்கும் இடையில். 1982இல் நாட்டின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால்தான் அது ஏழையொட்டி வந்து நிற்கிறது. சீசனுக்கு ஒரு நேரம் என்று அறிவிக்க வேண்டிய தேவையே இல்லை. இரவு உணவு வேளையில் கதவு திறக்கும் என்று எந்த மாதத்திலும் சொல்லலாம்.

மிச்சமிருந்தது விளக்கு. முழு நிலவு தருவது கால் லக்ஸ் வெளிச்சம்தான். தெருவிளக்கின் கீழ் சுமார் 10 லக்ஸ் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றாக வேண்டும்: புலி தெரிய வேண்டும், இரவு கலையக் கூடாது. இந்த வேலையைப் பூங்கா ஆட்கள் தெருவிளக்கு போடும் பொறியாளரிடம் தரவில்லை. நாடக மேடைக்கு ஒளியமைத்துப் பழகிய ஆங்கிலேயர் சைமன் கோர்டரிடம் தந்தார்கள். மொத்தக் கதையிலும் மிகச் சரியான தேர்வு இதுதான்.

மேடையில் நடிகர் தெரிவார், விளக்கு தெரியாது. காட்டிலும் அதையே செய்ய வேண்டியிருந்தது. உயரத்திலிருந்து, நிலவைவிடச் சற்றே கூடுதலாக, மூலம் கண்ணில் படாதபடி ஒளி இறங்க வேண்டும். எந்த இடத்தில் ஒளி முடிகிறதோ அந்த இடத்தில் உலகமும் முடிந்துவிடுகிறது. அகழியும் தடுப்பும் அதற்கு அப்பால் இருட்டில் கிடக்கின்றன. பகல் தோட்டத்தில் செடி நட்டு, பாறை அடுக்கி மறைக்க வேண்டியதை இங்கே இரவே மறைத்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நிலவொளி உண்மையில் சூரிய ஒளியைவிடக் கொஞ்சம் செம்மை கூடியது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறத்தை இழந்து, நீலப் பக்கமாகச் சாய்கிறது. அதனால் நிலவு என்று நாம் உணர்வதில் பாதி வானத்தில் இருக்கிறது, பாதி கண்ணுக்குள் இருக்கிறது. ஒளியமைப்பாளர் கட்ட வேண்டியது அந்த உணரப்பட்ட நிலவைத்தான். அதற்குக் கண் பழகவும் வேண்டும். இருட்டைப் பார்க்கும் கோல் செல்கள் நன்றாக விழிக்க 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பக்கங்கள் திறந்த டிராம் பூங்காவைச் சுற்றிவர ஏறத்தாழ 40 நிமிடம். ஏறும்போது கரும்புதராகத் தெரிந்த காடு இறங்குமுன் கிளை கிளையாகப் பிரிந்து தெரிவது இதனால்தான். நடுவில் ஒரே ஒருவர் ஃபிளாஷ் அடித்தால் விலங்கு மிரள்வதோடு, வண்டியில் உள்ள அத்தனை பேரின் கண்ணும் திரும்ப முதலிலிருந்து பழக வேண்டும். ஃபிளாஷ் கூடாது என்ற அந்தப் பூங்காவின் விதியை ஒழுங்கு நடவடிக்கையாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. அதன் சின்னத்தைவிட, விளம்பர வாசகத்தைவிட, அந்த இடம் இன்னதென்று அழுத்தமாகச் சொல்வது அந்த விதிதான்.

மலேயா டேபிர் என்ற விலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பாதி கறுப்பு, நடுவுடல் வெள்ளை, கால்கள் கறுப்பு. பகலில் பார்த்தால் யாரோ வண்ணம் பூசியது போல இருக்கும் அந்த உடம்பு, அரைவெளிச்சத்தில் உருவமே இல்லாமல் உடைந்து, ஒரு வெள்ளைத் திட்டாக மிதக்கும். அந்த உடம்பு எதற்காக என்பது இரவில்தான் புரிகிறது. எந்தத் தகவல் பலகையும் இவ்வளவு சொல்லாது.

6.3 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவில், 35 ஹெக்டேரில், 1994 மே 26 அன்று நைட் சஃபாரி திறந்தது. உலகின் முதல் இரவு விலங்கியல் பூங்கா அது. பின்னாளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

பெயரில் மட்டும் ஒரு பலவீனம் உண்டு. இரண்டு பொதுச் சொற்கள், பொருளை அப்படியே சொல்பவை. கேட்டதும் புரியும். அதே காரணத்தால் யாரும் எடுத்துக்கொள்ளவும் முடியும். 2006இல் தாய்லாந்தின் சியாங் மாய் தன் நைட் சஃபாரியைத் திறந்தது. 2021இல் சிங்கப்பூர்ப் பூங்காவை நடத்தும் நிறுவனம் மண்டாய் வனவிலங்குக் குழுமம் என்று பெயர் மாறியபோது, அதன் இன்னொரு பூங்காவான ரிவர் சஃபாரி ரிவர் வொண்டர்ஸ் ஆகிவிட்டது. நைட் சஃபாரி பெயரைத் தொடவில்லை. நியாயம்தான், அதற்குள் அந்தப் பெயர் ஒரு பூங்காவைக் கடந்து ஒரு வகைக்கே பெயராகிவிட்டிருந்தது.

2022இல் உத்தரப் பிரதேச அரசும் லக்னோவின் குக்ரைல் காட்டில் ஒரு நைட் சஃபாரிக்கு ஒப்புதல் தந்தது. பெயரை எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் லக்னோவில் ஜூன் மாதச் சூரியன் ஏழு மணிக்கு மறையும், டிசம்பரில் ஐந்தேகாலுக்கே. ஜனவரி மூடுபனியில் எந்த விளக்கின் ஒளியும் சிதறிப் புகையாகிவிடும். சிங்கப்பூரின் நிலவைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே மாட்ட முடியாது. அங்கே ஒளியமைக்கப் போகிறவர்கள் அந்தப் பனியைப் பகையாக எண்ணாமல் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று விரும்புகிறேன். தொடங்குவதற்கு இன்னொன்றும் அவர்களிடம் உண்டு: நீண்ட மூக்குடைய கரியால் முதலைகளை முட்டையிலிருந்து வளர்த்து ஆறுகளில் விடும் நிலையம் ஒன்று 1970களிலிருந்தே குக்ரைலில் இயங்கிவருகிறது.