வீரமுனையில் விசாரித்தவர்கள்

தனியார் துப்பறிவாளர் என்றால் நமக்குக் கதைப்புத்தகம்தான் ஞாபகம் வரும். பாரிஸில் 1833இல் அப்படியொரு அலுவலகம் திறந்த விடோக், முதலில் சிறைக்கைதி, பிறகு பொலிஸ் தலைவர். எங்கள் பக்கத்தில் அந்தத் தொழில் வேரூன்றவில்லை. மாப்பிள்ளை விசாரிக்க மாமாமார் போதும். காணாமல் போனவரை யார் விசாரிப்பது?

வீரமுனைப் பெண்கள் தாங்களே விசாரித்தார்கள். 1990 ஜூனிலிருந்து அவர்களுடைய ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 12இல் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தாக்கியவர்களில் முஸ்லிம் ஊர்காவற்படையினரும் இருந்ததாகத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் இரவுதான் ஏறாவூரில் நம்மவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதைச் சொல்லி இதை மூட முடியாது.

எனக்கு அப்போது பத்து வயது. ஒரு பெண் புருஷனின் படத்தோடு எங்கள் கடைவாசலில் நின்றார். "எங்களுக்குத் தெரியா மகள்" என்றார் வாப்பா. அவருக்குத் தெரியும். பிறகு கேட்டபோது, "துருவிப் பார்க்கிறது ஹராம்டா" என்று வாயை அடைத்தார்.

அவர் சொன்னது சூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம். அதே சூராவின் 6ஆம் வசனம், வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. கூஃபாவின் ஆளுநர் ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) மீது முறைப்பாடு வந்தபோது உமர் (ரலி) ஆளனுப்பினார்கள். அவர்கள் ஒளிந்திருந்து உளவு பார்க்கவில்லை. ஸஃதையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய், எல்லார் முன்னிலும் கேட்டார்கள். புகாரியில் இது இருக்கிறது. அடுத்தவன் வீட்டு அந்தரங்கத்தைக் கிளறுவது வேறு, அநீதிக்குச் சாட்சி தேடுவது வேறு. வாப்பா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். ஊரே அப்படித்தான் செய்தது.

2016இன் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமல் போனோர் அலுவலகத்தை உண்டாக்கியது. அது தேடலாம், கேட்கலாம். ஆனால் அதன் முடிவால் எவர் மீதும் குற்றப் பொறுப்போ சிவில் பொறுப்போ எழாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே தெரிந்ததைச் சொல்லப் பயப்பட அங்கே பெரிய காரணமில்லை. குருக்கள்மடத்தில் 1990 ஜூலையில் கடத்திக் கொல்லப்பட்ட நம்மவர்களின் குடும்பங்கள் இன்னும் ஜனாஸாவைத் தேடுகின்றன. யாராவது ஒரு தமிழர் வந்து இடத்தைக் காட்டமாட்டாரா என்று ஏங்குகிறோம். அதே ஏக்கம் வீரமுனையிலும் இருக்கும்தானே?

கடைசிக் காலத்தில் வாப்பா, அந்த வாகனம் எந்தப் பக்கம் திரும்பியது என்று சொன்னார். எழுதி வைத்திருந்தேன். போன மாதம் அந்தக் கடதாசியோடு வீரமுனைக்குப் போனேன். அந்தப் பெண் இப்போது இல்லை. மகள் கதிரை போட்டு, "இருங்க சேர்" என்றார்.