பட்டணத்தில் நம் இடம்

நகரங்களின் வரலாற்றைக் கோட்டைகளையும் கோபுரங்களையும் ஆளுநர்களையும் கொண்டு எழுதுவது அறிஞர் வழக்கம். அக்கோட்டைக்குக் கல் சுமந்தவர் எங்கே குடியிருந்தனர், அவர்தம் வழிவந்தோர் இன்று எங்கே குடியிருக்கின்றனர் என்று கேட்டு எழுதப்படும் வரலாறு அரிது. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், சென்னை மாநகரத்தில் நம் மக்கள் பெற்ற இடத்தையும் இழந்துவரும் இடத்தையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும். கல்வி வேறு, குடியிருப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க இயலாது. ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கும், எத்தனை ஆண்டு படிக்கும் என்பதைப் பெரும்பாலும் அது குடியிருக்கும் இடமே தீர்மானிக்கிறது.

ஒரு சொல்லின் பிறப்பு

உழைப்பாளர் வாழும் பகுதியில் வசதி படைத்தோர் மெல்லக் குடிபுகுகின்றனர். நிலவிலையும் வாடகையும் ஏறுகின்றன. பழைய குடிகள் வெளியேறுகின்றனர். இதற்கு ஆங்கிலத்தில் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர். தமிழில் மேட்டுக்குடியாக்கம் எனலாம். இச்சொல்லை 1964இல் ஆக்கித் தந்தவர் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் பேரறிஞர். ஜெர்மனியில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த பெண்மணி. இலண்டனின் தொழிலாளர் தெருக்களில் இருந்த எளிய வீடுகளை நடுத்தர வகுப்பார் ஒவ்வொன்றாக வாங்கிப் புதுப்பிப்பதை அவர் கண்டார். ஒரு வட்டாரத்தில் இது தொடங்கிவிட்டால், பழைய குடிகள் பெரும்பாலோர் வெளியேறி அதன் இயல்பே மாறும் வரை ஓயாது என்று எச்சரித்தார்.

அந்நகரின் நாட்டிங் ஹில் என்னும் வட்டாரம் இதற்கு நல்ல சான்று. 1950களில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்கள் அங்கே நெரிசலான வாடகை அறைகளில் வாழ்ந்தனர். 1958இல் வெள்ளையர் கும்பல்கள் அவர்களைத் தாக்கின. அவர்கள் அஞ்சி ஓடவில்லை. 1960களில் அத்தெருக்களிலேயே பெருந்திருவிழாவை வளர்த்தெடுத்தனர். இன்று அவ்வட்டாரம் இலண்டனில் நிலவிலை மிக்க இடங்களுள் ஒன்று. திருவிழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஆயின் அதைத் தொடங்கியவர்களின் குடும்பங்களில் பல அங்கே இல்லை. கும்பலின் கல்லுக்கு அஞ்சாதவர்களை வாடகைச் சீட்டு வெளியேற்றிவிட்டது.

பட்டணம் ஏன் நாடப்பட்டது?

சென்னையின் கதைக்கு வருவோம். நம் முன்னோர் பட்டணத்தை நாடியது பகட்டுக்காக அன்று. செங்கல்பட்டு மாவட்டச் சேரிகளில் பண்ணையடிமை வாழ்வும் நிலமின்மையும் எத்துணைக் கொடுமையாய் இருந்தன என்பதை, அம்மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு விரிவாக எழுதினார். பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை 1892இல் பிறந்தது அவ்வறிக்கையின் பயனே. அதற்கு முன்னரே 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சம் பல்லாயிரவரை ஊரைவிட்டுத் துரத்தியிருந்தது. துறைமுகம், இரயில் பாதை, தோல் மண்டி, பஞ்சாலை, வெள்ளையர் வீட்டுப் பணி எனப் பட்டணம் கூலி தந்தது. கூலி சிறிதே எனினும் அது காசாகக் கிடைத்தது. காசு பெற்றவன் பண்ணையார் முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ்வோரைக் கடுமையாக மறுத்துரைத்ததன் பின்னணியில் இத்தகைய பட்டறிவே இருந்தது.

ஆயின் பட்டணத்துச் சேரிகள் அனைத்தும் வெளியிலிருந்து வந்து குந்தியவர்களின் குடியிருப்புகள் என்று எண்ணுவது பெரும் பிழை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடலோரத்தில் ஒரு துண்டு நிலம் பெற்றனர். பின்னர்ச் சுற்றியிருந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டனர். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவை 1693இல் சேர்ந்தன. ஊர் என்றால் சேரியும் உண்டு. ஊர் வளர்ந்து பேட்டையாகி, பேட்டை வளர்ந்து மாளிகைத் தெருவாயிற்று. அதனருகே இருந்த சேரிக்கு ‘ஆக்கிரமிப்பு’ என்று பெயர் வைக்கப்பட்டது. ஊரின் பழைமையைப் போற்றுவோர் சேரியின் பழைமையை மட்டும் மறந்துவிடுகின்றனர்.

அண்மை தந்த ஆக்கம்

நகரத்தில் நம் மக்களுக்கு நிலம் இல்லை, பொருள் இல்லை. இருந்த ஒரே மூலதனம் அண்மை. வேலை நடந்துபோகும் தொலைவில் இருந்தது. மருத்துவமனை அருகில் இருந்தது. பள்ளி அருகில் வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கான முதல் இலவசப் பள்ளியை அடையாற்றுப் பகுதியில் தொடங்கினார். தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. இவ்விடங்களின் பெயரை இளைஞர்கள் ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும். நம் பிள்ளைகள் வாழ்ந்தமையால் பள்ளி தோன்றிய இடங்கள் இவை. இன்று இவற்றுள் ஒரு சதுர அடி நிலத்தையேனும் விலைக்கு வாங்க உழைப்பாளியால் இயலுமா?

பள்ளியோடு பத்திரிகையும் பிறந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைச் சென்னையில் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். எம்.சி. ராஜா ஆசிரியப் பணியிலிருந்து சட்டமன்றம் சென்றார். என். சிவராஜ் 1945இல் இம்மாநகரத்தின் மேயரானார். அச்சகமும் நீதிமன்றமும் மன்றமும் கூப்பிடு தூரத்தில் இருந்தமையால் எழுந்த குரல்கள் இவை.

அண்மையை அகற்ற வேண்டும் என்ற எண்ணமும் புதியதன்று. பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தோன்றின. சுற்றியிருந்த புளியந்தோப்பு முதலிய பகுதிகளில் நம் தொழிலாளர் நிறைந்தனர். 1921இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாக மாறிற்று, குடிசைகள் எரிந்தன. அப்போது ஆதிதிராவிடரை நகரத்துக்கு வெளியே குடியேற்றிவிட வேண்டும் என்ற யோசனை நீதிக்கட்சித் தலைமையிடமிருந்தே எழுந்தது. எம்.சி. ராஜா 1923இல் அக்கட்சியை விட்டு விலகியதற்கு இத்தகைய கசப்புகளே காரணம். நூறாண்டுக்கு முன் யோசனையாக நின்றது பின்னாளில் திட்டமாக வந்தது.

இருந்த இடத்திலேயே வீடு

இடையில் ஒரு நல்ல காலமும் இருந்ததை மறைத்தல் கூடாது. 1970இல் கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது குடிசை மாற்று வாரியம் நிறுவப்பட்டது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் கணக்கிடப்பட்டன. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுப்புவது அன்றைய கொள்கை. வீடுகள் சிறியவை, சுவர்கள் விரைவில் பழுதாயின. எனினும் மறுநாள் காலையில் தாய் அதே வேலைக்கும் பிள்ளை அதே பள்ளிக்கும் சென்றனர். அச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிக்கே மேம்பாட்டு உரிமை உண்டு. 1985இல் மேலும் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல்லாண்டுகள் பட்டியல் வளரவில்லை. பட்டியலில் ஏறாத சேரி சட்டத்தின் கண்ணுக்குச் சேரியும் ஆகவில்லை; வெறும் ஆக்கிரமிப்பு ஆயிற்று.

தொலைவின் காலம்

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. நகரமெங்கும் நிலத்தின் விலை தாவியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவாயிற்று. அங்கே 15,656 வீடுகள். செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரையிலிருந்தும், 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் மீண்டும் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடும்பங்கள் கொண்டுசெல்லப்பட்டன. இலண்டனில் சந்தை செய்ததை இங்கே சந்தையும் அரசாணையும் கைகோத்துச் செய்தன. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. இடமாற்றம் விட்டுச்சென்ற தொலைவு மாறவில்லை.

“ஆற்றங்கரைக் குடிசையைவிடக் கெட்டி வீடு மேலன்றோ?” என்று கேட்பார் உளர். வெள்ளத்தில் உயிரிழப்பதைவிடக் கூரையின் கீழ் வாழ்வது மேல்தான். அதை மறுப்பார் இல்லை. ஆயின் அதே ஆற்றங்கரையிலும் ஏரிப்பரப்பிலும் எழுந்த பெருங்கட்டடங்கள் அசையாதிருக்கக் குடிசை மட்டும் ஏன் அகன்றது? பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள் அல்லவா? வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி நீர் தேங்கும் இடத்தில் குடியமர்த்துவது எவ்வகைப் பாதுகாப்பு?

நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் சென்ற குடும்பம் இழப்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டுவேலை செய்யும் தாய்க்கு முன்பு நடை. இப்போது இரண்டு பேருந்து. கூலியில் ஒரு பங்கு பயணத்துக்கே போகிறது. விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் திரும்புபவள் பிள்ளையின் பாடத்தை எப்போது கேட்பாள்? பள்ளி ஆண்டின் நடுவில் வீடு இடிக்கப்பட்டால் பிள்ளை பழைய பள்ளிக்கும் போக இயலாது, புதிய பள்ளியிலும் ஒன்ற இயலாது. முதலில் நின்றுவிடுபவள் பெண்பிள்ளை. வேலை தேடும் இளைஞன் தன் முகவரியைச் சொல்லத் தயங்குகிறான். கண்ணகி நகர் என்ற பெயரைக் கேட்டதும் முகம் மாறும் முதலாளிகள் உளர். சேரி என்ற பழைய முத்திரை புதிய நகரின் பெயரிலும் குத்தப்பட்டுவிட்டது.

நகரமும் இழக்கிறது

நம் மக்கள் அகன்றதால் பட்டணத்துக்கு இழப்பில்லை என்று எண்ணுவதும் தவறு. கானாப் பாட்டு, வியாசர்பாடியின் கால்பந்து, வடசென்னையின் குத்துச்சண்டையும் கேரமும் இம்மாநகரத்துக்குத் தனிமுகம் தந்தவை. இவை மேடையில் பிறந்தவை அல்ல. தெருமுனையில், ஒருவரை ஒருவர் மூன்று தலைமுறையாக அறிந்த மக்களிடையே பிறந்தவை. 1918இல் இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே. அவ்வாலைகள் 1996இல் மூடப்பட்டன. அந்நிலத்தில் இன்று வானளாவிய அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. உழைப்பின் வரலாறு படிந்த நிலம் அது. அங்கு உழைத்தவரின் பேரன் அங்கே வீடு வாங்க இயலாது.

படித்து உத்தியோகம் பெற்ற நம் இளைஞர் எங்கே நோக்குகின்றனர்? நகருக்குள் வாடகை வீடு கேட்டால் சில இடங்களில் உணவைக் கேட்கிறார்கள். உணவின் பெயரால் சாதியைக் கேட்கிறார்கள். விலைக்கு வாங்கவோ பொருள் போதாது. எனவே ஆவடிக்கு அப்பால், மீஞ்சூர்ப் பக்கம், கூடுவாஞ்சேரிக்கு அப்பால் என இரயில் பாதையைத் தொடர்ந்து மனை தேடுகின்றனர். அது அவர்தம் முயற்சியின் வெற்றியே. பட்டா நம் பெயரில் இருப்பது சிறிய செய்தி அன்று. ஆயின் படித்தவர் ஒரு திசையிலும் படிக்காதவர் வேறு திசையிலும் பிரிந்து போனால், சேரியில் பாடம் சொல்லித்தர அண்ணன் யார்? இரவுப் பள்ளிக்கு விளக்கேற்றுபவர் யார்?

நம் கடமை

நம் சங்கத்துக்கு வயது இருபத்தைந்து. கண்ணகி நகருக்கும் ஏறத்தாழ அதே வயது. இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும்போது அடுத்த கால் நூற்றாண்டுக்கான பணி தெளிவாகிறது. முதலாவது, மக்கள் சென்ற இடத்துக்குக் கல்வி செல்ல வேண்டும். ஆல்காட் பள்ளிகள் சேரிக்கு அருகில் கட்டப்பட்டதால்தான் சேரி படித்தது. இரண்டாவது, எஞ்சியுள்ள நம் குடியிருப்புகளில் வாழ்வோர் ஒவ்வொருவரும் ஒதுக்கீட்டு ஆணை, குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, வரி இரசீது ஆகியவற்றைப் பேணிக் காக்க வேண்டும். நம் வரலாறு கல்வெட்டில் இல்லை; தகரப் பெட்டியில் மடித்து வைத்த அத்தாள்களில்தான் இருக்கிறது. மூன்றாவது, முதியோரிடம் கேட்டு, எந்தத் தெருவில் எந்தச் சேரி எப்போது இருந்தது, எப்போது அகற்றப்பட்டது என்பதை இளைஞர்கள் எழுதி வைக்க வேண்டும். ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கப்படும்போது, ஆண்டையும் தெருவையும் சொல்லி மறுப்பதைவிட வலிய மறுமொழி வேறில்லை.

பட்டணம் வளர்வதை நாம் எதிர்க்கவில்லை. அதன் சாலைகளை நம் கைகளே இட்டன. அதன் சாக்கடைகளில் இறங்கி உயிர்நீத்தவரும் நம்மவரே. வளர்ந்த நகரத்தில் நடந்துபோகும் தொலைவில் ஒரு பள்ளியும் ஒரு வேலையும் ஒரு வீடும் கேட்கிறோம். இது இரக்கத்தால் தரப்படும் பொருளன்று. உழைப்பால் ஈட்டிய பங்கு. கற்போம்; கற்றதை ஒன்றாகக் கூடிநின்று பயன்படுத்துவோம்; பட்டணத்தில் நம் இடத்தை நிலைநாட்டுவோம்.