வாக்குத்தத்த அட்டைக்குள் அடங்காத சங்கீதம்: நண்பனின் துரோகமும் 55ஆம் சங்கீதத்தின் ஆறுதலும்

தமிழ்ச் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டைக்கு 55ஆம் சங்கீதத்தின் 22ஆம் வசனம் கச்சிதமாகப் பொருந்தும். பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடச் சொல்லும் அந்த வசனம் தனியே நின்றும் பொருள் தருகிறது. 1 பேதுரு 5:7இல் அதன் எதிரொலியும் கேட்கிறது. அந்தப் பாரம் எது என்பதை மட்டும் அட்டை சொல்வதில்லை. அது நெருங்கிய தோழன் ஒருவனின் துரோகம். அதை மறைத்துவிட்டு ஆறுதலை மட்டும் கத்தரித்துக் கொடுத்தால், காயப்பட்டவரின் வாயை அடைக்கவே அந்த வசனம் பயன்படும். இந்தச் சங்கீதத்தின் ஆறுதல் 23 வசனங்களின் கரடுமுரடான போக்கில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் மன்றாட்டு. பிறகு மரணபயம், நடுக்கம், புறாவாகப் பறந்து வனாந்தரத்துக்குப் போய்விடும் ஏக்கம். அதையடுத்து நகரத்தின் மதில்களிலும் வீதிகளிலும் நடமாடும் கொடுமை. இதுவரை பேசப்படுவது பொதுவான பகை. 12ஆம் வசனத்தில்தான் விஷயம் வெளியே வருகிறது: பகைவன் செய்திருந்தால் தாங்கியிருக்கலாம், அவன் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கலாம். அடுத்த வசனத்திலேயே, கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பி, அங்கே இல்லாத நண்பனை முன்னிலையில் நிறுத்தி ‘நீ’ என்கிறார். இருவரும் கூட்டத்தோடு கூட்டமாகக் கடவுளின் வீட்டுக்குச் சேர்ந்து போனவர்கள். ஆலயத்துக்குப் போனால் மனம் ஆறும் என்று இவரிடம் யார் சொல்ல முடியும்? அவனோடு போன இடமே அதுதான்.

16 முதல் 19 வரை நம்பிக்கை திரும்புகிறது. மாலையும் காலையும் நண்பகலும் முறையிடுவேன், கடவுள் கேட்பார் என்கிறார். ஒழுங்கான பாடல் இங்கே முடிந்திருக்கும். ஆனால் 20, 21ஆம் வசனங்களில் அந்த நண்பன் மறுபடியும் வந்துவிடுகிறான், இம்முறை படர்க்கையில்: உடன்படிக்கையை முறித்தவன், வெண்ணெயும் எண்ணெயும்போல வழுக்கும் பேச்சுக்காரன். வசனங்கள் இடம் மாறியிருக்குமோ என்று ஐயுற்று வரிசையைச் சீர்செய்யப் பார்த்த உரையாசிரியர்கள் உண்டு. அந்த ஐயத்துக்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம்பியவனால் ஏமாந்தவர்களுக்கு இந்த வரிசை விளங்கும். ஜெபித்து எழுந்து அரைமணி நேரத்தில் அவன் சொன்ன சொல் மறுபடி காதில் கேட்கத்தான் செய்கிறது. 22ஆம் வசனம் பிறப்பது இந்த இரண்டாம் வெடிப்புக்குப் பிறகு. அதன் பின்னும் 23ஆம் வசனம் இரத்தப்பிரியரையும் வஞ்சகரையும் நினைத்துக்கொண்டுதான் முடிகிறது. நம்பிக்கைக்குக் கிடைப்பது கடைசி வாக்கியத்துண்டு மட்டுமே.

இனி 15ஆம் வசனம். மரணம் அவர்களைப் பிடிக்கட்டும், உயிரோடு பாதாளத்தில் இறங்கட்டும் என்ற சாபம் அது. ஒரு நண்பன் இங்கே திடீரென்று ‘அவர்கள்’ ஆகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். புண்பட்ட மனதுக்கு ஒருவன் செய்தது ஊரே செய்ததாகத் தெரிகிறது. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1971இல், சீர்திருத்திய திருப்புகழ்மாலை என்னும் அன்றாட ஜெபநூலில் 58, 83, 109ஆம் சங்கீதங்களை முழுவதுமாக விட்டுவிட்டது. 55இலிருந்து இந்த ஒரு வசனத்தை நீக்கியது. ஜெபிப்பவர்களின் மனச்சங்கடமே காரணம். சபையாகக் கூடிப் பாடும்போது அந்தச் சங்கடம் நியாயமானதே. தனிமையில் அழுகிறவருக்கு அந்த நீக்கம் உதவாது. புலம்பலை இழந்த வழிபாடு கடவுளோடு உண்மை பேசும் உறவையும் இழக்கிறது என்று பழைய ஏற்பாட்டு அறிஞர் வால்டர் புருகெமன் 1986இல் எழுதியது இங்கே பொருந்தும். இப்படிச் சபிப்பது வஞ்சத்தை வளர்க்காதா என்று கேட்கலாம். சாபம் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள்: நண்பனின் வாசலுக்கு அல்ல, கடவுளின் காதுக்கு. தண்டிக்கும் வேலையைச் சங்கீதக்காரர் தன் கையில் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டதாகவும் நடிக்கவில்லை. மன்னிப்பைப் பற்றிய கட்டளைகள் வேதத்தில் வேறு இடங்களில் தெளிவாகவே உள்ளன. அவற்றை இந்தப் பாடலுக்குள் திணிக்கத் தேவையில்லை.

அந்த நண்பன் யார்? அருகிலுள்ள 54, 56, 57ஆம் சங்கீதங்களின் தலைப்புகள் தாவீதின் வாழ்க்கைச் சம்பவங்களைச் சுட்டுகின்றன. 55இன் தலைப்பு தாவீதின் பெயரோடு நின்றுவிடுகிறது. தாவீதின் மகன் அப்சலோமின் கலகத்தில் கட்சிமாறிய ஆலோசகன் அகித்தோப்பேலே அவன் என்பது யூத மரபின் பழைய வாசிப்பு. அதை வரலாறாகக் கொள்ள ஆதாரம் போதாது, ஆயினும் அந்த இணைப்பு சங்கீதம் எழுப்பாத ஒரு கேள்வியை எழுப்புகிறது. பத்சேபாளின் தகப்பன் எலியாம் என்கிறது 2 சாமுவேல் 11:3. அகித்தோப்பேலின் மகன் எலியாம் என்கிறது 23:34. இரண்டு எலியாமும் ஒருவரே என்றால், பேத்தி பத்சேபாளின் கணவனைக் கொல்வித்த தாவீதைத்தான் அகித்தோப்பேல் கைவிட்டான். முதலில் உடன்படிக்கையை முறித்தது யார்? புண்பட்டவர் தாமாக, தமக்கான வேளையில், இந்தக் கேள்விக்கு வந்து சேரலாம். ஆறுதல் சொல்ல வந்தவர் அதை முதல் நாளே கேட்பது யோபின் நண்பர்கள் செய்த வேலை.

அகித்தோப்பேல் எதிர்ப்பக்கம் சேர்ந்த செய்தி மகனுக்குத் தப்பி ஓடிய தாவீதுக்குக் கிடைத்தது, வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவ மலை ஏறும்போது. அகித்தோப்பேலின் ஆலோசனையைப் பைத்தியமாக்கும்படி ஒரு வரி ஜெபம். மலையுச்சியில் தாவீதுக்கு விசுவாசமான ஊசாய் எதிர்ப்படுகிறான். தாவீது அவனை அப்சலோமிடம் உளவுக்கு அனுப்புகிறான். 12,000 பேரோடு அன்றிரவே தாவீதைத் துரத்த வேண்டும் என்ற அகித்தோப்பேலின் யோசனை போர்த்தந்திரமாகச் சரியானதே. ஊசாய் இனிக்கப் பேசி அதைக் கவிழ்த்தான். அகித்தோப்பேல் ஊருக்குப் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தி, நான்றுகொண்டு செத்தான். தாவீதின் சிநேகிதன் என்ற பெயரை 2 சாமுவேல் 15:37 தருவது ஊசாய்க்கு. சங்கீதம் அஞ்சிய அதே வழுக்கும் பேச்சால்தான் அவன் தாவீதைக் காப்பாற்றினான். ஒரு நண்பன் போனால் கடவுள் இன்னொருவரை அனுப்புவார் என்பதற்கு இந்தக் கதையை மேற்கோள் காட்டுவோர், ஊசாய் சொன்ன பொய்களையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும்.